அரங்கு கலைந்த பின்னும்

இசை, நாடகம், நடனம், சினிமா, சிற்பம், ஓவியம்... தேடிப் பிடித்துப் படிக்க வேண்டிய கலை நூல்கள்

சென்னையில் மார்கழிக் கச்சேரிகள் முடிகிற சூட்டோடு புத்தகக் காட்சிக்குப் பந்தல் எழும்பிவிடுகிறது. டிசம்பரில் ஒரே நாளில் மூன்று சபாக்களுக்கு ஓடியவர்களை ஜனவரியில் அந்தப் பந்தலுக்குள் பார்த்தால் எனக்குக் கேட்கத் தோன்றும்: உங்களுக்கு உயிரான அந்தக் கலையைப் பற்றி ஒரு புத்தகமாவது வாங்கினீர்களா? நாவலுக்கும் வரலாற்றுக்கும் சுயமுன்னேற்றத்துக்கும் தனித்தனி அடுக்கு வைத்திருக்கும் கடைகளில்கூட இசைக்கும் கூத்துக்கும் ஓவியத்துக்கும் அப்படி ஓர் அடுக்கைப் பார்ப்பது அரிது. கேட்டால்தான் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள். எதைக் கேட்பது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாட்டும் ஆட்டமும் நடந்து முடிந்த அந்தக் கணமே இல்லாமல் போகிறவை. வீணை தனம்மாள் 1938-இல் மறைந்தார். அவர் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைக் கேட்டவர்கள் எழுதி வைத்திராவிட்டால், சில கிராமபோன் தட்டுகளைத் தவிர அவரைப் பற்றி நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. பிலிமில் பதிந்தவற்றின் கதியும் பெரிதாக வேறில்லை. தென்னிந்தியாவில் எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட மௌனப் படங்களில் தப்பிப் பிழைத்ததாக அறியப்படுவது 1933-இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். படத்துக்கு மூலமான நாவலின் உரிமை தொடர்பான வழக்கில் சிக்கிப் படச்சுருள் முடங்கிக் கிடந்ததால் அது பிழைத்தது. ஊர் ஊராக ஓடியிருந்தால் மற்றப் படங்களோடு அதுவும் போயிருக்கும்.

ஆகவே, நம் கலைகளின் நேற்றைய நாளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு புத்தகங்களிலிருந்து வந்தது. அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் யார் என்று பார்த்தால் மனம் நெகிழ்கிறது. ஒருவர் சித்த வைத்தியர். ஒருவர் வழக்கறிஞர். ஒருவர் துறவி. ஒருவர் அஞ்சல் துறை அதிகாரி. ஒருவர் சினிமா மக்கள் தொடர்பாளர். எந்த ஆணையமும் இவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்கவில்லை. தங்கள் வருமானத்தையும் கண்பார்வையையும் ஆயுளையும் போட்டு எழுதினார்கள். இவர்களில் ஒருவர் சோம்பியிருந்தாலும் ஒரு கலையின் ஒரு நூற்றாண்டு நமக்கு இல்லாமல் போயிருக்கும்.

ஒரு காதையிலிருந்து புறப்பட்ட தேடல்

எங்கே தொடங்குவது என்று கேட்டால், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் என்பேன். காவியம் முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு காதையை மட்டும் நல்ல உரையோடு படிக்கலாம். மாதவியின் அரங்கேற்றத்துக்கு ஆடலாசிரியன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை வாசிப்பவன், குழலோன், யாழாசிரியன் ஆகியோருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வருகிறது. மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மூன்று வகைத் திரைகள். தூண்களின் நிழல் ஆடுபவள் மேல் விழாதபடி விளக்கு வைக்கும் முறைகூட உண்டு. மேடை ஒளியமைப்பில் இன்று வேலை செய்கிறவர்களுக்கு இந்த இடத்தைப் படித்துக் காட்டினால் வியந்து போவார்கள்.

1892-இல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தபோது வெளிச்சத்துக்கு வந்தது காவியம் மட்டுமில்லை. தம் காலத்திலேயே மறைந்துபோன இசை, நாடக நூல்களின் பெயர்களை அந்த உரையாசிரியர் வரிசையாகச் சொல்லியிருந்தார்: முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம். கையில் வைத்துக்கொண்டு உரை எழுதிய நூல்களையும் குறிப்பிட்டிருந்தார்: இசைநுணுக்கம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம். இழந்தவற்றுக்கு இப்படி ஒரு பட்டியல் கிடைத்ததும் தேடுவதற்கு ஆட்கள் கிளம்பினார்கள். கொடுமை என்னவென்றால், காவியத்திலேயே இசை பொங்கி வழிகிற கானல்வரிக்கு அடியார்க்குநல்லாரின் உரை கிடைக்கவே இல்லை.

தேடிக் கிளம்பியவர்களில் முதல் மனிதர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்து, ஆசிரியராக இருந்து, சித்த மருத்துவம் கற்றுத் தஞ்சையில் வைத்தியசாலை நடத்தியவர். மாத்திரை விற்ற பணத்தில் 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். வித்வான்களைத் தன் செலவில் வரவழைத்து மாநாடுகள் கூட்டினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குக் குடும்பத்தோடு போனார். வீட்டுப் பெண்கள் வீணையில் வாசித்துக் காட்ட, தன் சுருதிக் கணக்கை விளக்கினார். வடமொழி இசைநூல்கள் சொல்லும் 22 சுருதிகள் பொருந்தாது, பழந்தமிழ்ப் பாலை முறைப்படி 24 என்பதே அவர் கட்சி. 1917-இல் தன் சொந்த அச்சுக்கூடத்திலேயே 'கருணாமிர்த சாகர'த்தை அச்சிட்டார். இரண்டு ஆண்டுகளில் மறைந்துவிட்டார்.

ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் இந்த நூலை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் பலருக்குக் கணக்கிலேயே மூச்சு முட்டும். அதனால் தென்னிந்திய வித்வான்களைப் பற்றி அவர் திரட்டிய பட்டியலில் ஆரம்பியுங்கள். யார் எந்த ஊர், என்ன வாத்தியம் என்று பெயர் பெயராக விரியும். அதன்பிறகு சிலப்பதிகாரத்துக்கு அவர் தரும் விளக்கத்துக்குப் போகலாம். அவருடைய சுருதிக் கொள்கையை ஏற்காத இசையறிஞர்கள் உண்டு. அந்தச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. என்றாலும் ஒரு பழைய இலக்கியத்தின் பாடலடிகளை வீணையின் தந்தியில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்ற துணிச்சலே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதே அடிகளை எடுத்துக்கொண்டு முப்பதாண்டுகள் கழித்து வந்தவர் மட்டக்களப்புக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டதாரி. ராமகிருஷ்ண மடத்துத் துறவி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். இந்த மூன்று மனிதர்களும் 'யாழ் நூலி'ல் சேர்ந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று இலக்கியத்தில் பெயராக மட்டும் இருந்த வாத்தியங்களை நரம்பின் நீளம், அலைவெண் என்று கணக்குப் போட்டு மீட்டெடுக்கப் பார்த்தார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் நூல் அரங்கேறியது. அடிகளின் ஆராய்ச்சிப்படி செய்த யாழ்களை ஊர்வலமாக எடுத்துவந்தார்கள். அடுத்த மாதம் 19-ஆம் தேதி அடிகள் காலமானார். நூலில் தேவார இயல் என்னும் பகுதியை மட்டும் படித்தாலே கோயிலில் ஓதுவார் பாடும் பண் வேறு விதமாகக் காதில் விழும்.

இந்த வரிசையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அடியார்க்குநல்லார் குறிப்பிட்ட பஞ்சமரபை வெள்ளக்கோயில் தெய்வசிகாமணிக் கவுண்டர் ஏட்டிலிருந்து எடுத்து 1973-இல் பதிப்பித்தார். மு. அருணாசலம் ஆயுள் முழுக்க எழுதிச் சேர்த்த 'தமிழ் இசை இலக்கண வரலாறு', 'தமிழ் இசை இலக்கிய வரலாறு' இரண்டும் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து 2009-இல்தான் அச்சேறின. வீ.ப.கா. சுந்தரத்தின் 'தமிழிசைக் கலைக்களஞ்சியம்' நான்கு தொகுதிகள். உட்கார்ந்து படிப்பதற்கு ஆனதன்று, ஐயம் வரும்போது திறந்து பார்ப்பதற்கு.

கீர்த்தனை வழியில் வந்தவர்களுக்கு இதற்கு இணையான பெருநூல் எட்டயபுரத்தில் 1904-இல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. தெலுங்கில் எழுதப்பட்டது, மியூசிக் அகாடமி தமிழில் கொண்டுவந்திருக்கிறது. முத்துசாமி தீட்சிதரின் உருப்படிகள் ஸ்வரக் குறிப்போடு இன்று நம் கையில் இருப்பதற்கு இதுவே ஆதாரம். இதற்குப் பின்னால் சின்னசாமி முதலியார் என்றொருவர் இருக்கிறார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த கிறிஸ்தவர், லத்தீன் அறிஞர். கர்நாடக இசையை மேலைநாட்டு முறையில் எழுதிப் பதிப்பிக்கும் வேலையில் கைப்பணத்தையும் கண்பார்வையையும் இழந்தார். குடும்பச் சொத்தாகப் பூட்டிக் கிடந்த உருப்படிகளை எழுதி வெளியிடும்படி தீட்சிதரை வற்புறுத்தியவர் அவர். புத்தகத்தில் அவர் பெயர் சிறிதாகத்தான் வரும். நிதானமாகத் தேடிப் பாருங்கள்.

பாடியவர்களும் தோல் கட்டியவர்களும்

இலக்கணம் வேண்டாம், மனிதர்களைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பவர்களுக்கு உ.வே.சா.வின் 'சங்கீத மும்மணிகள்' போல இன்னொரு சிறிய புத்தகம் அமைவது கடினம். கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய மூவரின் சரிதம். கிருஷ்ணையர் உ.வே.சா.வின் தந்தைக்கு ஆசிரியர், பாரதியாரிடம் உ.வே.சா.வே சிறிது காலம் இசை கற்றார். வீட்டில் சொல்லக் கேட்ட நெருக்கம் வாக்கியத்துக்கு வாக்கியம் தெரியும். தம் 'நந்தனார் சரித்திர'த்துக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மாயூரத்தில் உ.வே.சா.வின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வீட்டுக்குப் பாரதியார் நடையாய் நடந்ததை அவர் எழுதியிருக்கிறார். இலக்கணப் பிழை மலிந்த நூலுக்கு மகாவித்துவான் எப்படிப் பாயிரம் தருவார்? ஒரு பகல் பொழுதில் திண்ணையில் உட்கார்ந்து பாரதியார் பாட ஆரம்பிக்கிறார், உள்ளே இருந்த பிள்ளையின் மனம் கரைகிறது, பாயிரம் கிடைக்கிறது. இலக்கணமும் இசையும் நேருக்கு நேர் நின்ற அந்த இடத்தில் யார் வென்றார்கள் என்பதை உ.வே.சா. தீர்ப்பாகச் சொல்வதில்லை. சம்பவத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். பிற்பாடு அதே பிள்ளை, இசைப் பயிற்சி இலக்கியக் கல்விக்குத் தடையாகும் என்று கருதியதால் உ.வே.சா. பாரதியாரிடம் போவதை நிறுத்த நேர்ந்தது. அந்த வருத்தம் 'என் சரித்திர'த்தில் பதிவாகியிருக்கிறது.

இந்தக் காலத்து வாழ்க்கை வரலாறுகளில் லலிதாராம் எழுதிய 'துருவ நட்சத்திர'த்தை முதலில் சொல்வேன். மிருதங்கக் கலைஞர் பழனி சுப்ரமணிய பிள்ளையின் கதை. அவர் இடது கைப் பழக்கமுள்ளவர். மிருதங்கத்தின் வலந்தலை முகம் சபையைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் பாடகருக்கு மறுபுறம் உட்கார வேண்டும். அப்போது பிடில் வாசிப்பவர் இடம் மாற வேண்டும். இந்த ஒரு காரணத்தால் அந்த மேதைக்கு எத்தனை மேடைகள் கைநழுவின, செம்பை வைத்தியநாத பாகவதர் எப்படி அவருக்குத் துணை நின்றார் என்பதைப் படிக்கும்போது கோபமும் நன்றியும் மாறி மாறி வருகின்றன.

மிருதங்கத்தை வாசித்தவரிடமிருந்து அதைச் செய்தவரிடம் போவதற்கு நமக்கு 2020 வரை ஆகியிருக்கிறது. டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' ஆங்கிலத்தில் அந்த ஆண்டு வந்தது. அரவிந்தன் மொழிபெயர்ப்பில் 'செபாஸ்டியன் குடும்பக் கலை' என்று தமிழில் காலச்சுவடு வெளியிட்டிருக்கிறது. பலாக் கட்டையைக் குடைந்து, பசு, எருமை, ஆட்டுத் தோல்களைப் பதம் பார்த்துத் தேர்ந்து, வார் இழுத்து, சோற்றோடு கருங்கல் பொடி சேர்த்துக் கரணை இட்டு நாதத்தைக் கொண்டுவரும் குடும்பங்களின் வரலாறு. அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞரின் காது இருந்தது என்பது கச்சேரிக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாட்டுத் தோல் இல்லாமல் இந்த வாத்தியம் இல்லை என்று நூல் நேராகச் சொல்கிறது. வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்கின் அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் நடந்தது. கர்நாடக இசையை நேசிக்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய ஒரு புத்தகத்தை மட்டும் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டு நாடகக்காரர்கள்

நாடகத்தில் நமக்கு இரண்டு தன்வரலாறுகள் வாய்த்திருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்றை மற்றது நிறைவு செய்யும்.

பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞராக இருந்து நீதிபதியானவர். தமிழ் நாடகத்தை மட்டமாக நினைத்திருந்த வாலிபர், 1891-இல் பல்லாரியிலிருந்து வந்த ஒரு தெலுங்கு நாடகக் குழுவைப் பார்த்து மனம் மாறுகிறார். அதே ஆண்டு ஜூலையில் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்குகிறார். 'நாடக மேடை நினைவுகள்' அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் ஆறு பாகங்களில் சொல்கிறது: யார் எந்த வேஷம், எந்த நாடகத்தில் வசூல் என்ன, எந்தத் திரைச்சீலை யார் எழுதியது. பெண் வேடங்களில் தன்னோடு நடித்த நண்பர் ரங்கவடிவேலுவைப் பற்றி வரும் இடங்களில் பாசம் ததும்பும். படித்தவர்கள் மேடை ஏறினால் இழிவு என்றிருந்த ஊரில் வக்கீல்களும் அதிகாரிகளும் அரிதாரம் பூசிக்கொண்டது எப்படி என்பதற்கு இதைவிட விரிவான சாட்சியம் கிடையாது.

அவை தொழிலுக்காக நடித்தவர்களின் நினைவுகள் அல்ல. வயிற்றுக்காக மேடையேறியவர்களின் கதை தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'யில் இருக்கிறது. 1972-இல் வந்தது. 1918-இல், ஆறு வயதில், அண்ணன்களோடு மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பால சபாவில் சேர்ந்த பையன் சொல்கிற கதை. சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்ததை அந்தப் பையனின் கண்களால் பார்க்கிறோம். மகரக்கட்டு உடைந்து குரல் போகும்போது சிறுவர்கள் படும் பாடு, ஊர் ஊராகக் கொட்டகை மாற்றுவது, வசூல் இல்லாத ஊரில் மாட்டிக்கொள்வது எல்லாம் வரும். சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். அவரை ஒரு மனிதராக நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி இந்த மாணவர் தந்த கொடை. சுத்தமான, ஆரவாரமில்லாத உரைநடை. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் தைரியமாகக் கொடுக்கலாம்.

ஆராய்ச்சியாக வேண்டுமென்றால் கா. சிவத்தம்பியின் 'பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம்'. தெருக்கூத்துக்கு நா. முத்துசாமியின் 'அன்று பூட்டிய வண்டி'. கூத்துப்பட்டறையைத் தொடங்கியவர், புரிசைக் கூத்தின் முன்னால் மாணவனாக உட்கார்ந்து எழுதியது. மட்டக்களப்புக் கூத்துகளுக்கு சி. மௌனகுருவின் நூல்கள்.

பெயர்களைத் திருப்பித் தந்தவர்

நடனத்துக்கு வரும்போது பேனா கொஞ்சம் தயங்குகிறது. இந்தக் கலையை வளர்த்த பெண்களிடமிருந்து மேடையையும் மரியாதையையும் பிடுங்கிய பிறகே ஊர் அதைக் கொண்டாடத் தொடங்கியது. ஆகவே எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்த வீட்டில் குடியிருந்தவர் என்பதோடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல் பெறும் ஒரு பங்கும் பதிவாகியிருக்கிறது. குடவாயில் பாலசுப்ரமணியனின் 'இராஜராஜேச்சரம்' இந்தக் கோயிலின் கல்வெட்டையும் சிற்பத்தையும் ஓவியத்தையும் சேர்த்து வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் நூல். கருவறை விமானத்தின் மேல்தளத்தில் 81 கரணச் சிற்பங்களோடு வேலை நின்றுபோய், மிச்சக் கற்கள் செதுக்கப்படாமலே இருப்பதையும் அதைப் படித்துவிட்டுப் போய்ப் பார்க்கலாம்.

கல்வெட்டு நானூறு பெயர்களைச் சொன்னது. பிற்காலத்துப் பெண்களின் பெயர்களைச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. பி.எம். சுந்தரம் அதைச் செய்தார். அவருடைய 'மரபு தந்த மாணிக்கங்கள்' தேவதாசி மரபில் வந்த ஆடற்கலைஞர்களை ஊர், குரு, ஆடிய உருப்படி என்று ஒருவர் ஒருவராக எழுதுகிறது. நட்டுவனார்களுக்கு 'மரபுவழி பரதப் பேராசான்கள்', நாகஸ்வர, தவில் கலைஞர்களுக்கு 'மங்கல இசை மன்னர்கள்'. இசை வேளாளர் குடும்பங்களின் முற்றங்களில் உட்கார்ந்து கேட்டு எழுதிய செய்திகள். இந்த மூன்று நூல்களையும் நடனப் பள்ளிகள் தங்கள் மாணவிகளின் கையில் கொடுக்க வேண்டும்.

தி. பாலசரஸ்வதியும் வே. ராகவனும் சேர்ந்து 1959-இல் தமிழில் எழுதிய 'பரதநாட்டியம்' சிறிய நூல்தான். ஆனால் அபிநயத்தின் உச்சியில் நின்ற ஒருவர் தன் கலையைப் பற்றிப் பேசுவது. பாலசரஸ்வதியின் மருமகன் டக்ளஸ் நைட் ஆங்கிலத்தில் 2010-இல் எழுதிய வாழ்க்கை வரலாறு தமிழிலும் வந்திருக்கிறது. பாலசரஸ்வதி வீணை தனம்மாளின் பேத்தி, ஜயம்மாளின் மகள், கந்தப்பப் பிள்ளையின் மாணவி, ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே வீட்டில் வறுமைக்கும் இசைக்கும் நடுவே வாழ்ந்ததை அதில் பார்க்கிறோம்.

இவற்றோடு மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் 1936-ஆம் ஆண்டு நாவலான 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்பதையும் படிக்கச் சொல்வேன். கலை நூல் இல்லையே என்பீர்கள். தேவதாசி முறைக்குள் பிறந்து, அதை ஒழிக்கப் போராடிய ஒரு பெண்ணின் குரல் அது. கலையின் இழப்பை மட்டும் பேசுகிறவர்கள் அவருடைய சீற்றத்தைக் கேட்காமல் போகிறார்கள். சீற்றத்தை மட்டும் பேசுகிறவர்கள் பாலசரஸ்வதியின் கண்ணீரைப் பார்ப்பதில்லை. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு படிப்பது கடினம்தான். வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

படச்சுருளுக்கு வெளியே

சினிமாவைப் பற்றித் தமிழில் குவியும் எழுத்தில் பெரும்பகுதி நட்சத்திரங்களைப் பற்றியது. அந்தக் குவியலுக்கு நடுவே சு. தியடோர் பாஸ்கரனின் வேலை தனித்து நிற்கிறது. அஞ்சல் துறையில் உயர் பதவி வகித்தவர். பறவைகளையும் காடுகளையும் பற்றி எழுதுகிறவர். 1981-இல் ஆங்கிலத்தில் வந்த 'தி மெசேஜ் பேரர்ஸ்' நூலில், நாடகக் கம்பெனிப் பாட்டும் கிராமபோன் தட்டும் மௌனப் படமும் சுதந்திரப் போராட்டச் செய்தியை எப்படிச் சுமந்தன என்று காட்டினார். படங்கள் அழிந்துவிட்டதால் தணிக்கைக் கோப்புகளையும் பழைய பத்திரிகைகளையும் பாட்டுப் புத்தகங்களையும் புரட்டினார். தேசிய விருது பெற்ற 'தி ஐ ஆஃப் தி செர்பென்ட்' தமிழில் 'பாம்பின் கண்' ஆகியிருக்கிறது. புதிதாகப் படிக்கிறவர்கள் 'எம் தமிழர் செய்த பட'த்தில் தொடங்கலாம். ஒவ்வொரு கட்டுரையும் ஒரு கதவு.

தகவல் களஞ்சியமாக பிலிம் நியூஸ் ஆனந்தனின் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு'. படங்களின் பெயரும் நடித்தவர்களும் தேதியும் புகைப்படமும் ஒரு தனிமனிதர் வீட்டில் சேர்த்து வைத்தவை. 2004-இல் வந்த இந்த நூல் இல்லாமல் தமிழ் சினிமா ஆராய்ச்சியில் யாரும் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரைப் பற்றி எழுதிய 'பிம்பச் சிறை' திரையும் வாக்குப் பெட்டியும் சேரும் இடத்தை அலசுவது. உடன்படாதவர்களும் படிக்க வேண்டியது.

சினிமாவின் உள்வாசனைக்கு அசோகமித்திரன். 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவர் பணிகளில் ஒன்று. எல்லோர் கண்ணிலும் படாமல் எல்லோரையும் பார்க்கக்கூடிய நாற்காலி அது. 'கரைந்த நிழல்கள்' நாவலில் நட்சத்திரங்களைவிடத் தயாரிப்பு நிர்வாகியும் உதவி இயக்குநரும் காருக்காகக் காத்து நிற்கும் துணை நடிகைகளும்தான் முக்கியம். ஒரு படம் எடுத்து முடிக்கப்படாமலே கலைந்து போகிறது. அதை நம்பியிருந்தவர்கள் திசைக்கொருவராகப் போகிறார்கள். நூற்றுச் சொச்சம் பக்கத்துக்குள் ஒரு தொழிலின் நெஞ்சு முழுக்க இருக்கிறது. ஐம்பதாண்டுகளுக்கு மேல் ஆகியும் கோடம்பாக்கத்துக்கு வண்டி ஏறுகிற இளைஞர்களுக்கு இதைவிடச் சிறந்த கையேடு இல்லை. உலகப் படங்களைப் பார்க்கப் பழக செழியனின் 'உலக சினிமா' தொகுதிகள் நல்ல துணை.

கல்லும் வண்ணமும்

ஓவியத்தையும் சிற்பத்தையும் பற்றி நமக்கு நூல்கள் குறைவு. உள்ளவற்றில் மயிலை சீனி. வேங்கடசாமியின் 'தமிழர் வளர்த்த அழகுக்கலைகள்' எல்லார் வீட்டிலும் இருக்க வேண்டியது. எழும்பூர் ஓவியப் பள்ளியில் பயின்று, பிறகு பள்ளி ஆசிரியராக வாழ்ந்தவர் 1956-இல் எழுதியது. கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து, காவியம் என்று ஒவ்வொன்றையும் எளிய தமிழில் சொல்லிக்கொண்டு போகிறார். கோயிலுக்குப் போகுமுன் பிள்ளைகளோடு ஒரு அத்தியாயம் படித்துவிட்டுப் போனால், வெறும் தூணாகத் தெரிந்தது பல்லவர் தூணாகத் தெரியும். உளி பிடிக்கிறவர் கோணத்திலிருந்து வேண்டுமென்றால் கணபதி ஸ்தபதியின் 'சிற்பச் செந்நூல்': குமரிமுனை வள்ளுவர் சிலையை அமைத்தவர், தாள அளவுகளையும் முத்திரைகளையும் கோட்டுப் படங்களோடு விளக்குகிறார்.

நவீன ஓவியர்களில், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்து 1973-இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட கே. ராமானுஜத்தை மறக்க முடியாது. சி. மோகன் அவர் வாழ்வை 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' என்ற நாவலாக எழுதியிருக்கிறார். கோட்டோவியத்தில் மாளிகைகளையும் நாகங்களையும் பறக்கும் மனிதர்களையும் வரைந்த, பேச்சு திக்கிய ஒரு இளைஞனை அவ்வளவு பரிவோடு யாரும் எழுதியதில்லை.

இவற்றில் பழையவை பல, கையில் காசில்லாதவர்களுக்கும் கிடைக்கும். மயிலை சீனி. வேங்கடசாமியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. 'கருணாமிர்த சாகரம்', 'யாழ் நூல்', பம்மலாரின் நினைவுகள், உ.வே.சா.வின் நூல்கள் ஆகியவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற இடங்களில் தேடிப் பார்க்கலாம். புதியவற்றுக்குக் காலச்சுவடு, கிழக்கு, உயிர்மை கடைகளில் பெயர் சொல்லிக் கேளுங்கள். பி.எம். சுந்தரத்தின் நூல்கள் எளிதில் கண்ணில் படுவதில்லை. பழைய புத்தகக் கடையில் தென்பட்டால் விலை பார்க்காமல் எடுத்துவிடுங்கள். எங்கே தொடங்குவது என்று இன்னும் தயங்குகிறவர்கள், இந்த வாரக் கடைசியில் 'எனது நாடக வாழ்க்கை'யின் முதல் ஐம்பது பக்கங்களைப் படியுங்கள். அடுத்த புத்தகத்தை அந்தப் பையனே காட்டுவான்.